சுவர் சுத்தம்

– முதல்ல கையுறையக் கழட்டு கண்ணு. எதுக்கு இப்படி ஓடி வர்ற?

– உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் தலைமைப் பொறியாளர்கிட்டப் போகணும் அண்ணி. அன்னைக்கு ஆக்ஸிஜன் அழுக்கு போகட்டும்னு எந்திரத்து உள்சுவருக்குப் போரான் பூசினோம்ல, அப்ப என் கருவி உள்ள இருக்கற வெளிச்சத்தப் பார்க்கற கண்ணாடி ஜன்னலோட உள்மூடிய நான் மூடவே இல்ல.

– மூடலையா?

– மறந்துட்டேன். சுவர்ல படிஞ்ச மாதிரியே கண்ணாடியிலயும் போரான் படிஞ்சிருக்கு. இப்பத்தான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், டீக்கறை மாதிரி பழுப்பா நிக்குது.

– அப்ப நீ கூட்டத்துல காட்டின அளவு?

– கண்ணாடி மங்கினதால ஆக்ஸிஜனோட வெளிச்சம் என் கருவிக்குக் குறைவாத் தெரிஞ்சிருக்கு. நான் உள்ள ஆக்ஸிஜனே குறைஞ்சுபோச்சு, பூச்சு பிரமாதம்னு எழுந்து நின்னு சொன்னேன். கை தட்டுனாங்க. அதுல எனக்குக் கண்ணு மண்ணு தெரியல.

– சரி விடு கண்ணு.

– எப்படி விடறது? உள்ள இருக்கற வாயுவ மோந்து பார்க்கற உங்க கருவி மட்டும்தான், அழுக்கு அப்படியே இருக்குன்னு சொல்லுச்சு. கிழட்டுக் கருவிக்கு மூக்கடைப்புன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சது நான்தானே. வீட்டுக்கு வந்தும் விட்டேனா? சாப்பிடற நேரத்துல அண்ணன்கிட்ட அத நடிச்சு வேற காட்டினேன்.

– உங்க அண்ணனும் நல்லாத்தான் சிரிச்சாரு.

– நீங்க எனக்குப் பரிமாறிக்கிட்டு நின்னீங்க. நினைச்சா உடம்பெல்லாம் கூசுது அண்ணி.

– ஆனது ஆச்சு. நாளைக்கு என்ன பண்றதுன்னு பாரு.

– அதான் பயமே. சுவர் சுத்தம்னு நம்பி நாளைக்கு முழுச் சக்தியில ஓட்டப்போறாங்க. இந்த அழுக்குல ஓட்டினா உள்ள நெருப்பாக் கொதிக்கற பிளாஸ்மா பாதியிலயே சரிஞ்சு சுவரப் பொசுக்கிடும். கண்ணாடி மங்கியிருக்குன்னு நான் சொன்னா, அதனால சுவர் அழுக்குன்னு ஆயிடுமான்னு கேப்பாங்க. நீங்க வாங்க அண்ணி. உங்க கருவிய எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டுங்க. நான் பக்கத்துலயே நின்னு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.

– ஓட்டி எதக் காட்டச் சொல்ற?

– உண்மையத்தான். இந்தக் கட்டடத்துலயே அது ஒண்ணுதானே உண்மையச் சொல்லுது?

– இல்ல கண்ணு. நீங்கல்லாம் அவ்வளவு சிரிச்சதுல நானே அத நம்பாமப் போயிட்டேன். உன் அளவோட ஒத்துவர்ற மாதிரி நேத்து யாருக்கும் தெரியாம திருத்தி வச்சுட்டேன். இப்பப் போய்ப் பார்த்தா, அதுவும் சுவர் சுத்தம்னுதான் சொல்லும்.