கூடுதல் டிரைவர்

கவுண்ட்டர் பெண்: மனைவின்னா இலவசம் சார். வேற யாரா இருந்தாலும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூரோ.

ஜவுளிக்காரர்: மனைவி இலவசமா? யாரும்மா இந்த விலைப்பட்டியலை எழுதினது... கல்யாணமே ஆகாத ஆளா இருப்பான்.

கவுண்ட்டர் பெண்: ரெண்டாவதா ஓட்டறவங்களுக்கு உள்ள கட்டணம் சார் அது. கூடுதல் டிரைவர்னு பேரு. வாடகை வண்டி உங்க பேர்ல. இவங்களும் ஸ்டியரிங்கைப் பிடிக்கணும்னா இவங்க பேரையும் எழுதியாகணும்.

ஜவுளிக்காரர்: எழுதுங்க.

கவுண்ட்டர் பெண்: மனைவின்னு போட்டுடட்டுமா?

ஜவுளிக்காரர்: ...பன்னிரண்டே போடுங்க.

டீச்சர்: என்னது?

ஜவுளிக்காரர்: பன்னிரண்டு. ஆறு நாளைக்கு எழுபத்திரண்டு. போடட்டும்.

டீச்சர்: நான் விலையைக் கேக்கலை.

ஜவுளிக்காரர்: பின்ன?

டீச்சர்: ஒண்ணுமில்லை. போடச் சொல்லுங்க.

கவுண்ட்டர் பெண்: தப்பா நினைக்காதீங்க மேடம். பக்கத்து கவுண்ட்டர்ல இருந்தேன். இந்த வெளிநாட்டு ஏர்போர்ட்ல நீங்க ரெண்டு பேரும் தமிழ்ல சண்டை போட்டுக்கிட்டு நிக்கறதைக் கேட்டுத்தான் இங்க ஓடி வந்தேன். அந்தச் சண்டையைக் கேட்டா யாருக்குமே புருஷன் பொண்டாட்டின்னுதான்...

டீச்சர்: சண்டை போட்டாலே புருஷன் பொண்டாட்டியா? அப்படிப் பாத்தா நான் பாதி டிராபிக் போலீஸைக் கட்டியிருக்கணும்.

கவுண்ட்டர் பெண்: உங்க பாஸ்போர்ட்டிலயும் கணவர் பேருன்னு சார் பேர்தான்...

டீச்சர்: அது எடுத்து எட்டு வருஷமாச்சும்மா. அதுல என் தலைமுடி கூடக் கறுப்பாத்தான் இருக்கு.

ஜவுளிக்காரர்: அந்தப் பேச்சை விடுங்க. நேரமாகுது. நானூறு கிலோமீட்டர் போகணும்.

கவுண்ட்டர் பெண்: அவ்வளவு தூரம் எங்க சார்?

டீச்சர்: எங்க பொண்ணு இருக்கா. தனியா. போன மாசம் ஆராய்ச்சிக்கூடத்துப் படிக்கட்டில விழுந்து முழங்கால் போச்சு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆபரேஷன். உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி எங்களைப் பாக்கணும்னா...

ஜவுளிக்காரர்: சேத்துப் பாக்கணும்னா.

டீச்சர்: எங்கிட்ட "சேத்து"ன்னு சொல்லலை.

ஜவுளிக்காரர்: எங்கிட்ட சொன்னா.

கவுண்ட்டர் பெண்: அந்தப் பக்கம் ரயிலும் கிடையாது. பஸ் நாளைக்கு மதியம்தான்.

டீச்சர்: தெரியும். அதனால நான் தனியா வண்டி எடுத்துக்கலாம்னுதான் வந்து நின்னேன். முன்பணத்துக்கு கிரெடிட் கார்டுதான் வேணுமாமே? எங்கிட்ட இருக்கறது வெறும் ஏடிஎம் கார்டு. திரும்பிப் பாத்தா பின்னாடி கார்டை ஆட்டிக்கிட்டு இவர் நிக்கறார்.

ஜவுளிக்காரர்: எங்கிட்ட கார்டு இருக்கு, கண்ணுதான் இல்லை. புரை ஆபரேஷன் ஒரு கண்ணுக்குத்தான் ஆகியிருக்கு. இருட்டினா எதிர்ல வர்ற ஒரு லைட்டு எனக்கு நாலு லைட்டு.

கவுண்ட்டர் பெண்: இங்க அஞ்சு மணிக்கே இருட்டிடும் சார்.

டீச்சர்: அதான். அவர் கார்டு, என் கண்ணு.

கவுண்ட்டர் பெண்: நீங்க நல்லா ஓட்டுவீங்களா மேடம்?

ஜவுளிக்காரர்: என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? டிரைவிங் ஸ்கூல் நடத்தறா. எங்க ஊர்ல பாதிப் பொம்பளைங்க இவகிட்ட கத்துக்கிட்டவங்கதான். நான் ரோட்டைக் கடக்கவே பயப்படறேன்.

டீச்சர்: ரெண்டு பக்கமும் பாக்காம கடந்தா அப்படித்தான்.

கவுண்ட்டர் பெண்: சரி. இது சின்ன வண்டி, ஒரு நாளைக்கு நாப்பது. கூட இருபது குடுத்தா கொஞ்சம் பெரிசா, சீட்டுக்குச் சூடு வர்ற வண்டி தர்றேன்.

ஜவுளிக்காரர்: சீட்டுக்கு எதுக்கும்மா சூடு? இவ பக்கத்துல உக்காந்தாலே போதும்.

கவுண்ட்டர் பெண்: வழி காட்டற கருவி, ஒரு நாளைக்கு ஒன்பது.

ஜவுளிக்காரர்: போன்ல இருக்கு. அடுத்தது.

கவுண்ட்டர் பெண்: பெட்ரோலுக்கு இப்பவே மொத்தமா கட்டிட்டா, காலி டேங்கோட திருப்பிக் குடுக்கலாம்.

ஜவுளிக்காரர்: மிச்சம் இருக்கற பெட்ரோலுக்கும் காசு குடுத்துட்டு நான் கையைத் துடைச்சுக்கிட்டுப் போகணும். நிறைச்சுக் குடுங்க, நிறைச்சுத் தர்றேன். நானும் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நாப்பது வருஷம் நின்னவன்மா.

கவுண்ட்டர் பெண்: சிரிக்க வைக்காதீங்க சார், மேனேஜர் பாக்கறார். சுங்கச் சாவடிக்குக் கண்ணாடியில ஒட்டற வில்லை...

ஜவுளிக்காரர்: வழியில ஒரே ஒரு சாவடி. அதுக்குச் சில்லறை வச்சிருக்கேன்.

டீச்சர்: எல்லாத்தையும் படிச்சிட்டு வந்திருக்கீங்க.

ஜவுளிக்காரர்: ப்ளைட்ல வேற என்ன வேலை? நீ எட்டு வரிசை முன்னாடி உக்காந்து தூங்கிக்கிட்டிருந்தே.

டீச்சர்: எண்ணினீங்களா?

ஜவுளிக்காரர்: ...அடுத்தது என்னம்மா?

கவுண்ட்டர் பெண்: கடைசி. இன்சூரன்ஸ். வாடகையிலயே ஒண்ணு சேந்திருக்கு. ஆனா வண்டிக்கு அடி பட்டா முதல் ஆயிரத்து ஐநூறு நீங்க கட்டணும். ஒரு நாளைக்கு முப்பது குடுத்தா அந்தப் பொறுப்பையும் நாங்க ஏத்துக்குவோம்.

ஜவுளிக்காரர்: அதை ஊர்லயே எடுத்தாச்சு. வெளிக் கம்பெனி. ஆறு நாளைக்கும் சேத்து மொத்தமே இருபத்தெட்டு. இதே வேலை, இதே ஆயிரத்து ஐநூறு. இந்தாங்க, போன்ல பாருங்க.

கவுண்ட்டர் பெண்: பரவாயில்லையே. நிறைய பேருக்கு இது தெரியாது... சரியாத்தான் இருக்கு. ஓட்டறவங்க ரெண்டு பேர். உங்க பேரு, மேடம் பேரு. எடுத்தது பதினெட்டாம் தேதி.

டீச்சர்: என் பேரா?

ஜவுளிக்காரர்: போனைக் குடும்மா.

டீச்சர்: இருங்க. பதினெட்டாம் தேதியா? நான் டிக்கெட் எடுத்ததே பதினேழாம் தேதி.

ஜவுளிக்காரர்: அப்படியா?

டீச்சர்: ஒரே ப்ளைட்ல வந்தது தற்செயல்னு சொன்னீங்க.

ஜவுளிக்காரர்: விலை மலிவா இருந்துச்சு. அதனால...

டீச்சர்: அந்த ப்ளைட்டா மலிவு? எனக்கு வேற நாள் லீவு இல்லைன்னு வயித்தெரிச்சலோட எடுத்தேன்.

ஜவுளிக்காரர்: பகல் கொள்ளை. எனக்கும்தான்.

டீச்சர்: நிஜத்தைச் சொல்லுங்க.

ஜவுளிக்காரர்: பொண்ணுகிட்ட கேட்டேன். அம்மா என்னிக்கு வர்றான்னு. அவ்வளவுதான். தெரியாத ஊரு, வண்டி எல்லாம் ரோட்டுல மறுபக்கம் ஓடுது, ராத்திரி நீ தனியா நானூறு கிலோமீட்டர்... அதான்.

டீச்சர்: இருட்டுல ஒரு லைட்டு நாலாத் தெரியற ஆளு எனக்குத் துணையா?

ஜவுளிக்காரர்: பேச்சுத் துணை. தூங்கிடாம பாத்துக்கறது. அதுக்குக் கண்ணு வேண்டாம்.

கவுண்ட்டர் பெண்: சார்... குறுக்க பேசறேன். இதுல ஒரு சிக்கல் இருக்கு. ரெண்டாவது டிரைவர் உங்களுக்கு என்ன உறவுன்னு கேட்ட இடத்துல நீங்க ஒண்ணுமே எழுதலை.

ஜவுளிக்காரர்: எழுதாட்டியும் வாங்கிக்கிச்சே.

கவுண்ட்டர் பெண்: வாங்கிக்கும். ஆனா கீழ பாருங்க. மனைவியா இருந்தாத்தான் அவங்க ஓட்டறப்ப செல்லும். இல்லைன்னா மேடம் ஓட்டறப்ப இந்த பாலிசி வெறும் காகிதம்.

டீச்சர்: அப்ப இங்கேயே மனைவின்னு ஒரு வார்த்தை எழுதிட்டா?

கவுண்ட்டர் பெண்: நிஜம்னா எழுதலாம் மேடம். பொய்யா எழுதி, ஏதாவது ஆச்சுன்னா அவங்களும் தர மாட்டாங்க, நாங்களும் தர மாட்டோம். மொத்த வண்டியும் உங்க தலையில.

ஜவுளிக்காரர்: எழுத வேண்டாம். உங்க முப்பதைப் போடுங்க.

கவுண்ட்டர் பெண்: ஆறு நாளைக்கு நூத்தி எண்பது சார். அந்த எழுபத்திரண்டோட சேத்தா...

டீச்சர்: இருநூத்தி ஐம்பத்திரண்டு.

கவுண்ட்டர் பெண்: வண்டி வாடகையே இருநூத்தி நாப்பதுதான்.

ஜவுளிக்காரர்: பரவாயில்லை. போடுங்க.

டீச்சர்: பரவாயில்லையா? வழி காட்டற கருவிக்கு ஒன்பது குடுக்க மனசு வரலை. இதுக்கு இருநூத்தி ஐம்பத்திரண்டா? குறைச்சுக் கேக்கக் கூடவா தோணலை?

ஜவுளிக்காரர்: தோணலை.

டீச்சர்: உங்களுக்கா? நம்ம கல்யாணப் பத்திரிகையில வரி குறைச்சா விலை குறையுமான்னு அச்சகத்துல கேட்ட ஆளு நீங்க.

ஜவுளிக்காரர்: குறைச்சானே.

டீச்சர்: பேச்சை மாத்தாதீங்க. மனைவின்னு ஒரு வார்த்தை எழுதறதுக்கு அவ்வளவு கசக்குதா? இருநூத்தி ஐம்பத்திரண்டு குடுத்தாவது என்னை இல்லைன்னு ஆக்கணும். அப்படித்தானே?

ஜவுளிக்காரர்: அப்படி இல்லை.

டீச்சர்: பின்ன எப்படி?

ஜவுளிக்காரர்: ...உங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீ பத்து நாள் கேட்டே.

டீச்சர்: இப்ப எதுக்கு அது?

ஜவுளிக்காரர்: சீசன் நேரம், கல்லாவுல ஆள் இல்லைன்னு அஞ்சு நாள்ல வந்துடுன்னேன். நீயும் சொன்ன நாள்ல வந்துட்டே. ஆறாவது நாள் காலைல அவங்க போயிட்டாங்கன்னு போன் வந்துச்சு. நீ கல்லாவுல உக்காந்து ஒருத்தருக்கு மீதிச் சில்லறை குடுத்துக்கிட்டிருந்தே. குடுத்து முடிச்சிட்டுத்தான் எழுந்தே.

டீச்சர்: விடுங்க.

ஜவுளிக்காரர்: ஒரு சத்தம் போட்டிருக்கலாம் நீ. போடலை. அன்னிலேருந்து கடையில எதுக்கு வேணா பேரம் பேசறேன். உன் விஷயத்துல மட்டும் எதைக் கேட்டாலும் சரிங்கறதுன்னு... நீதான் அதுக்கப்புறம் எதையும் கேக்கலை. பிரிஞ்சுடலாம்னு மட்டும் கேட்டே. அதுக்கும் சரின்னேன்.

டீச்சர்: அதுக்காவது பேரம் பேசியிருக்கலாம்.

ஜவுளிக்காரர்: என்னன்னு பேசறது?

டீச்சர்: நாலு நாள் யோசிச்சுச் சொல்றேன்னாவது சொல்லியிருக்கலாம். நான் பேனாவை மூடறதுக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டு முடிச்சிட்டீங்க.

கவுண்ட்டர் பெண்: நான்... போய்த் தண்ணி கொண்டு வரட்டுமா?

டீச்சர்: வேண்டாம்மா, இரு. நீயும் கேளு. யாராவது ஒருத்தர் சாட்சி இருந்தாத்தான் எனக்கு வாய் வரும். அந்த உறவுங்கற இடத்துல மனைவின்னு எழுது.

கவுண்ட்டர் பெண்: மேடம், பொய்யா எழுதினா...

டீச்சர்: பொய் இல்லை.

ஜவுளிக்காரர்: வேண்டாம். காசுக்காக நீ...

டீச்சர்: காசுக்காக இல்லை. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ரெண்டு வருஷம் முன்னாடி விவாகரத்துப் பேப்பர்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்மா. வக்கீல்கிட்ட நான் கொண்டு போய்க் குடுக்கறதாப் பேச்சு. முதல் நாள் போனேன், ஆபீஸ் பூட்டியிருந்துச்சு. மறுநாள் நாலு பேரை லைசென்ஸ் டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியிருந்துச்சு. அதுக்கப்புறம்... வழி மறந்துபோச்சு.

கவுண்ட்டர் பெண்: ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கறவங்களுக்கு வழி மறந்துபோச்சா?

டீச்சர்: சுத்தமா. அந்தப் பேப்பர் இன்னும் என் மேஜை டிராயர்லதான் இருக்கு. எல் போர்டுக்கு அடியில.

கவுண்ட்டர் பெண்: அப்ப சட்டப்படி நீங்க...

டீச்சர்: எழுதும்மா.

கவுண்ட்டர் பெண்: எழுதிட்டேன். மனைவி. இதை அந்தக் கம்பெனிக்கும் இப்பவே அனுப்பிடறேன்... ஏத்துக்கிட்டாங்க. கூடுதல் டிரைவர் கட்டணம் இல்லை. எங்க இன்சூரன்ஸும் வேண்டாம். வாடகை மட்டும் இருநூத்தி நாப்பது. சார், இங்க ஒரு கையெழுத்து.

ஜவுளிக்காரர்: எங்க?

கவுண்ட்டர் பெண்: இங்க... கோட்டுக்கு மேல சார். கோட்டுக்கு மேல. இது கீழ போகுது.

டீச்சர்: கண்ணைத் துடைச்சிட்டுப் போடுங்க.

ஜவுளிக்காரர்: புரை.

டீச்சர்: புரை இருட்டுலதானே தொந்தரவு பண்ணும்? இப்ப மணி ரெண்டு.

கவுண்ட்டர் பெண்: சாவி இந்தாங்க மேடம். மூணாவது வரிசை, வெள்ளை வண்டி. எடுக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் கீறல் இருக்கான்னு பாத்து போன்ல வீடியோ எடுத்துக்கங்க. இல்லைன்னா திரும்பி வர்றப்ப பழைய கீறலுக்கும் உங்ககிட்டதான் கேப்பாங்க.

டீச்சர்: அதை இவரே பாத்துடுவார்... ஏங்க, ஒரு நிமிஷம். எனக்கு ஒண்ணு புரியலை. நான் இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்றேன். நீங்க "அப்படியா"ன்னு கூடக் கேக்கலை.

ஜவுளிக்காரர்: வா, வண்டியைப் பாப்போம்.

டீச்சர்: நில்லுங்க. உங்களுக்குத் தெரியுமா?

ஜவுளிக்காரர்: ...வக்கீலுக்கு பீஸ் பாக்கி எவ்வளவுன்னு கேட்டுக் குடுத்துடலாம்னு போன வருஷம் போனேன். எதுக்கு பீஸு, பேப்பரே வரலையேன்னான்.

டீச்சர்: ஒரு வருஷமாத் தெரியுமா? தெரிஞ்சுமா அந்த இடத்தைக் காலியா விட்டீங்க? தெரிஞ்சுமா இருநூத்தி ஐம்பத்திரண்டு குடுக்கறேன்னு நின்னீங்க?

ஜவுளிக்காரர்: நீ வச்சிருக்கியா, மறந்துட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை மறந்திருந்தா... மனைவின்னு நான் எழுதப் போய் உனக்கு ஞாபகம் வந்து பேப்பரைக் குடுத்துடுவியோன்னு பயம். வச்சிருக்கேன்னு நீ சொல்ற வரைக்கும் எத்தனை ஆனாலும் குடுக்கறதுன்னு இருந்தேன்.

டீச்சர்: ...ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஒரு வருஷம் வீணாப் போச்சே.

ஜவுளிக்காரர்: உன் பக்கம் குடுக்காம வச்சிருந்தது ரெண்டு வருஷம், என் பக்கம் தெரிஞ்சும் சொல்லாதது ஒரு வருஷம்; கழிச்சா ஒரு வருஷம் நீதான் எனக்குப் பாக்கி... அதைத் தள்ளுபடி பண்ணிடறேன், ஆனா உங்க அம்மாகிட்ட நீ இருந்திருக்க வேண்டிய அந்த அஞ்சு நாள் மட்டும் என் பேர்ல பாக்கியாவே நிக்கட்டும்.