ஆரின் பெல் செத்த விதம்

இல்ல, கதவு தொறந்தே இருக்கட்டும். அந்த நாற்காலியில உக்காருங்க. பையக் கீழ வைங்க, என் கண்ணுல படுற மாதிரி.

சினிமா பத்திப் புத்தகம் எழுதுறீங்க, சரி. இந்த டேவிஸ்வில் ஊருல, போர் நேரத்துல கடற்படைக்குக் கட்டுமான வேல பாத்தவன் தெருவுக்கு நாலு பேரு இருக்கான். என்னைய மட்டும் ஏன் தேடி வந்தீங்க? யாரு சொன்னா? எங்ககூட வேல பாத்த ஹாஸ்கெல்லா? அவன் செத்து ரெண்டு வருசம் ஆச்சே தம்பி.

காப்பி ஆறுது, குடிங்க.

படமா, பாத்தோம். பசிபிக் தீவுல, தென்னங்கட்ட மேல உக்காந்து, மழையில நனைஞ்சுக்கிட்டே. விமானம் எறங்க ஓடுபாதை போடுற எங்களப் பத்தி ஒரு படமான்னு எல்லாருக்கும் சந்தோசம். புல்டோசர் முன்னாடி மண்ணு தள்ளுற தகட்டத் தூக்கி மறைப்பா வச்சுக்கிட்டு, எதிரி துப்பாக்கிய நோக்கி ஒருத்தன் ஓட்டிட்டுப் போவான் பாருங்க, ஒருத்தரும் மூச்சு விடல. ஆரின் பெல் மட்டும் சிரிச்சான். இவனுக்கு பிரேக் எது கியர் எதுன்னே தெரியலயேடான்னான்.

ஆரின் யாருன்னு நீங்க கேக்கவே இல்லியே. நடிகன் பேரக் கேக்கல, தீவு பேரக் கேக்குறீங்க, தேதி கேக்குறீங்க. பையில என்ன இருக்கு? எடுங்க, பாப்போம்.

ம். அந்தக் கடுதாசியா. என் கையெழுத்துதான். அம்மா வச்சிருந்தாங்களா? இப்ப எப்படி உங்க கையில... ஓ. தவறிட்டாங்களா. எப்ப? போன மாசமா.

அப்ப நீங்க ஆரின் மகன். வாசல்லயே சொல்லியிருக்கலாம்.

டிவியில அந்தப் படத்தப் போட்டதும் சந்தேகம் வந்துச்சாக்கும். வரத்தான் செய்யும். தகட்டத் தூக்குனது, பத்துப் பேரக் காப்பாத்துனது, எல்லாம் படத்துல பாத்தத நான் எழுதுனதுதான். உங்கப்பன் செத்த அன்னைக்கு ஒரு துப்பாக்கிகூட வெடிக்கல. மூணு நாள் மழை. ஓடுபாதை ஓரம் மண்ணு எளகிக் கெடந்துச்சு. அவன் ஓட்டுன புல்டோசர் பின்னாடி வந்து, ஓரம் சரிஞ்சு, குப்புற உருண்டுருச்சு.

இல்ல தம்பி, அவன் மேல தப்பில்ல. பின்னாடி எடுக்குறப்ப ஓட்டுறவனுக்கு ஓரம் தெரியாது. கீழ ஒருத்தன் நின்னு கை காட்டணும், அவன நம்பித்தான் வரணும். அன்னைக்கு நின்னது நான். தபால் வந்திருக்குன்னு யாரோ கூப்புட்டாங்க, திரும்பிப் பாத்தேன். என் கை மட்டும் வா, வான்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு.