ஊதாப் பூண்டு எந்த ஊர்?

அவையின் தலைமையை அணிசெய்து அமர்ந்திருக்கும் பெருமதிப்புக்குரிய பொன்னம்பலம் ஐயா அவர்களே! மண்ணை நம்பி வாழும் உடுப்பிட்டி விவசாயப் பெருமக்களே! மடியில் பிள்ளையும் மனதில் பயிருமாக வந்திருக்கும் தாய்மாரே! பயிர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தயாளினியின் அன்பு வணக்கம்.

பச்சை இலை ஒன்றுமில்லாமல், கத்தரியின் வேரில் வாய்வைத்து உறிஞ்சி, ஊதாப் பூவோடு எழுகிறதே ஓர் ஒட்டுண்ணிப் பூண்டு! அதைக் கொண்டுவந்தவர் யார்? வன்னியிலிருந்து வந்து இங்கே குத்தகைக்குத் தோட்டம் செய்யும் ஜெயகௌரி அக்கா என்கிறீர்கள். அவருடைய குத்தகையை நிறுத்தும் தீர்மானம் இன்று உங்கள் முன் இருக்கிறது. அவரோ, அதோ கடைசி வாங்குப் பலகையில் தலைகுனிந்து இருக்கிறார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

உயிர்களின் மரபணுத் தொகுதிக்குள் இடம்பெயரும் துண்டுகள் உண்டு. இடம்பெயர்வு என்றால் என்னவென்று நமக்கா சொல்லித்தர வேண்டும்? அவை போய் ஒட்டிய இடங்களின் தடம் தாயிலிருந்து பிள்ளைக்கும் வரும். அந்தத் தடத்தைப் பார்த்தோம். அக்கா முன்பு பயிர்செய்த வன்னித் தோட்டத்துப் பூண்டின் தடம் வேறு. இங்கே அவர் தோட்டத்தில் முளைத்ததன் தடமோ, அவர் வருமுன்பே உங்கள் ஊரில் இருந்த பூண்டின் தடம்! வந்தவர் கொண்டுவரவில்லை, மக்களே! வந்தவரைத் தேடி அது போயிருக்கிறது!

எப்படிப் போனது என்கிறீர்களா, சுதாகரன் அண்ணை? பிடுங்கிய பூண்டை வீணாக்காமல் ஆட்டுக்குப் போடுகிறோம். தூசி போன்ற அதன் விதை ஆட்டின் வயிற்றிலும் சாகாது. எரு போகும் தோட்டத்துக்கெல்லாம் தானும் போகும். யாருடைய ஆடு? ஒருவரையொருவர் பார்க்காதீர்கள்! அதை என் ஆய்வுகூடம் அறியாது.

என்ன பொன்னம்பலம் ஐயா, எழும்பிவிட்டீர்கள்? இதோ ஒலிவாங்கி.

"பிள்ளை, அது என்ரை ஆட்டெரு. உவள் பிள்ளை வந்த புதுசிலை, வெறும் நிலத்தோடை நிக்கிறாளெண்டு ஒரு லாண்ட்மாஸ்டர் உழவுமிசின் பெட்டி நிறைய நான்தான் ஏத்திக் குடுத்தனான்."

கேட்டீர்களா? பகையில் வரவில்லை, பாசத்தில் வந்திருக்கிறது! ஐயா சால்வையால் கண்ணைத் துடைக்கிறார். பின்னாலிருந்து அக்கா ஏதோ சொல்கிறார், கொஞ்சம் அமைதி!

"அழாதேங்கோ ஐயா. அந்த எருவிலைதான் நாங்கள் முதன்முதல் கத்தரிக்காய் ஆய்ஞ்சனாங்கள்."

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பூண்டு விதை சிந்துமுன் பிடுங்கி எரிக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் அல்ல, ஊர் முழுவதும்! ஒருவராக அல்ல, எல்லோருமாக! தீர்மானத்துக்குத் தூக்க வந்த கைகளைத் தாழ விடுங்கள். அதே கைகளை, பூண்டு பிடுங்க, நாளை விடிய ஜெயகௌரி அக்காவின் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் ஆளாக ஐயா வருகிறாராம், தலையசைக்கிறார்.

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. கடைசி வாங்கில் தலை நிமிர்ந்திருக்கும் அக்காவுக்கு என் வணக்கம்.