பொய்ச் சன்னல்

டிசம்பர் மாதம், பிற்பகல் நான்கு மணி. நம் நார்ஃபோக் பக்கம் அதற்குள் இருட்டிவிடும், உங்களுக்குத் தெரியாததா... பீச் மரங்களுக்கு நடுவே ஆளில்லாத பாதை. வேலை செய்த இடத்தில் விட்டுவந்த ஏணியை எடுக்க அதில் வந்தவன் நம் பார்னியின் மைத்துனன் வில்ஃப், கொத்தனார். டெஸ்மண்ட், கதை கேட்க உட்கார்ந்துவிட்டுச் சிரிப்பதானால் வெளியே போய்ச் சிரி.

அங்கே இருந்த பெரிய மாளிகையை இடித்து அறுபது வருஷமாகிறது. குதிரை லாயம் மட்டும் நிற்கிறது. கீழே குதிரைகள், மாடியில் வண்டிக்காரன் குடும்பம் என்று கட்டியது. மாளிகையைப் பார்த்த மாடிச் சுவரில் ஐந்து சன்னல்கள்... ஐந்தும் பொய். அழகுக்காகச் செங்கல்மேல் கறுப்பு பூசி, வெள்ளைச் சட்டம் வரைந்தவை. தோட்டத்தில் உலாவும் துரைசானிகளை வேலைக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதே! அந்தக் கறுப்பைப் புதுப்பிக்கத்தான் வில்ஃபைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஏணியில் கை வைத்தான். மூன்றாவது சன்னலுக்குப் பின்னால் சத்தம்... கரக்... கரக்.

மாடி ஏறிப் பார்த்தான். யாரும் இல்லை. பழைய சுண்ணாம்பு நெடி. அந்தச் சன்னலுக்கு நேர்ச் சுவரில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி... கீழே புதுத் தூள்.

மறுநாள் பக்கத்துப் பண்ணை மேவிஸிடம் கேட்டான்.

"அது ஹெஸ்டர்ப்பா, வண்டிக்காரன் பொண்டாட்டி. அவ மக டில்லி மாளிகையில வேலைக்கு இருந்தா. பதிமூணு வயசு. தொண்டை அடைப்பான் வந்துடுச்சு. பெத்தவளை உள்ள விடல. 'உசிரோட இருக்கிற வரைக்கும் அவ சன்னல்ல மெழுகுவத்தி எரியும், பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டாங்க. பொழுது சாய்ஞ்சா லாயத்துக் கேட்டைப் பூட்டிருவாங்க. அவ எங்கேருந்து பாக்க முடியும்?"

"அதான் சுவரைக் குடைஞ்சாளா?"

"ஒரு கல்லு பாக்கி. குடைஞ்சுகிட்டே விழுந்து செத்தா. பொண்ணு அதுக்கு முன்னாடியே போயிருச்சு. அது அவளுக்குத் தெரியாது."

"ஒரு கல்லுதானே? நான் எடுத்துவிடறேன்."

"எடுத்து? பாக்க அங்க என்ன இருக்கு? ஆடுல்ல மேயுது!"

கேட்டானா? இளகின மனசுக்காரன், படுபாவி. உளியை வைத்து ஒரே அடி. கல் வெளியே விழுந்தது. குளிர்காற்று... அவன் காதோரம் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். ஒரு தோள் அவனை மெல்ல ஒதுக்கியது.

ஓட்டையில் வந்த காற்று நின்றது.

பிறகு, மிக மெதுவாக, ஒரு பெண் குரல்...

"மாளிகையையே காணோமே..."

வில்ஃப் அழுதுவிட்டான். எனக்கும் இதைச் சொல்லும்போது நெஞ்சு தாங்கவில்லை. அன்றே கல்லைத் திருப்பி வைத்துப் பூசினான்.

மறுநாள் சத்தம் எதிர்ச்சுவரில் கேட்டது. மாளிகை அந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்துவிட்டாள், பாவம்...

போன வாரம் பார்னி போய்ப் பார்த்தான். நான்கு சுவரிலும் குழி இருக்கிறதாம்.