பழசைத் தூக்கிடலாம்

எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. என் மேசை இழுப்பறையில் ஒரு டப்பா நிறையச் சர்க்கரையைப் பார்த்ததும் நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தது நியாயம்தான். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர் இதைக்கூடக் கேட்காவிட்டால் எப்படி? அதில் ஒரு சிட்டிகைகூட நான் வாயில் போடவில்லை ஐயா. எல்லாம் எறும்புகளுக்கு.

நான் இங்கே ஸ்டோர் கிளார்க். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். வீட்டுக் கடன் முடியவும் அதே இரண்டு வருடம். "வாயை மூடிக்கிட்டு அதுவரைக்கும் ஓட்டிடுங்க" என்பாள் மனைவி. ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் மேனேஜர் போனில் பேசியது காதில் விழுந்தது.

"அந்தப் பழசத் தூக்கிடலாம் சார். சத்தம்தான் ஜாஸ்தி. மத்தியானத்துக்கு மேல ஓடவே மாட்டேங்குது. ஒழுகுது வேற."

நான் சத்தமாகத்தான் பேசுவேன். சாப்பிட்ட பிறகு கொஞ்சம் கண் சொக்கும். தூசி ஒத்துக்கொள்ளாமல் மூக்கும் ஒழுகும். வேறு யாரைச் சொல்லியிருப்பார்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயதில் வேலை போனால் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? பயந்துவிட்டேன்.

நான் இல்லாமல் எதுவும் ஓடாது என்று ஆகிவிட்டால் யாரும் என்மேல் கை வைக்க மாட்டார்கள் அல்லவா? ஏசியின் சுவிட்சுப் பெட்டிக்குள் கொஞ்சம் சர்க்கரை போட்டேன். எறும்பு வந்தது, ஏசி நின்றது. எல்லோரும் நன்றாக வியர்த்த பிறகு, ஒரு பழைய பிரஷ்ஷோடு போய்ச் சுத்தம் செய்தேன். என்னை ஏறெடுத்தும் பார்க்காத கணக்குப் பிரிவுப் பெண், "உங்களுக்குக் கைராசி சார்" என்றாள். அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது? பிரிண்டர், கழிவறை விளக்கு என்று படிப்படியாக முன்னேறினேன். இன்று காலை லிஃப்ட்.

மேனேஜர் அதில் ஏறுவார் என்று நான் நினைக்கவில்லை. தினமும் ஏறுகிறவர்தான், இருந்தாலும் நினைக்கவில்லை. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது.

"அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும்" என்று கதவிடுக்கு வழியாக அழுதார். பிரஷ்ஷைக் கையில் எடுத்தபடியே கேட்டேன்.

"அப்புறம் ஏன் சார் என்னைத் தூக்கணும்னு போன்ல சொன்னீங்க?"

"உங்களையா? நான் ஏசியச் சொன்னேன்யா."

கதவிடுக்கில் அவருடைய ஒரு கண் வந்து நின்றது.

"அப்ப இதையெல்லாம் பண்ணினது நீங்கதானா?"

கெட்டிக்கார மனிதர். வெளியே வந்தால் இந்த முறை என்னைத்தான் தூக்குவார் என்று புரிந்தது. பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன். வெகுநாளைக்குப் பிறகு சோறு நன்றாக இறங்கியது.

நீங்கள் வரவழைத்த மெக்கானிக் எறும்பைத் தட்டத் தட்ட, அது திரும்பி வருகிறது. சர்க்கரையை எந்த மூலையில் ஒளித்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என்னைத் தூக்கிவிட்டால் லிஃப்டுக்குள் இருக்கிற மேனேஜரை யார் தூக்குவது?

நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. கதவிடுக்கில் பிஸ்கட் நுழைகிறது, கொடுத்துப் பார்த்துவிட்டேன். சொல்லவே மாட்டேன் என்று அடம்பிடிக்கவும் இல்லை. ஓய்வு பெறும் அன்று நானே சொல்லிவிடுகிறேன். இரண்டே வருடம்தானே ஐயா.