கோப்பில் பிழை இல்லை

அடைப்புக்குறியைத் திறந்தவன் மூடாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது, ஐயா. பிறவிக் குணம். அதனால்தான் இந்த வேலை எனக்குப் பொருந்தியது.

எங்கள் அலுவலகம் பெரிய கட்டடங்களுக்கு மென்பொருள் செய்கிறது. விளக்கு எப்போது எரிய வேண்டும், லிஃப்ட் எங்கே நிற்க வேண்டும், கதவு யாருக்குத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் கான்ஃபிக் ஃபைல் என்கிற கோப்புகளில் இருக்கும். எழுதுவது பொறியாளர்கள். கமா விட்டுப்போனதா, அடைப்புக்குறி மூடியிருக்கிறதா என்று பார்த்து, ‘பிழை இல்லை’ என்று குறித்து அனுப்புவது நான். அங்கே எனக்கு ‘அரைப்புள்ளி’ என்று பெயர். வைத்தவன் என் மனைவியின் தம்பி. அவன்தான் தலைமைப் பொறியாளர்.

ஒருமுறை அவன் எழுதிய கோப்பில், எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் ஒன்பதாவது மாடியில் நிற்பதாக இருந்தது. கூட்டத்தில் சொன்னேன்.

“ஏன் மச்சான், ஒன்பதாவது மாடியில உங்களுக்கு யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். “கமா, அடைப்புக்குறி, அதோட நில்லுங்க. அர்த்தம் பாக்க நாங்க இருக்கோம்.”

வீட்டில் மனைவியும், “அவன் சொல்றது நியாயம்தானே? ஊர் வேலையெல்லாம் எதுக்கு இழுத்துப் போட்டுக்கறீங்க?” என்றாள்.

நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன். அதோடு நின்றேன்.

பிறகு எங்கள் அலுவலகத்துக்கே ஒரு கோப்பு எழுதினான். புகை வந்தால் கதவுகள் தாமாகத் திறக்க வேண்டும். அவனோ, பூட்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தான். அழகான வரி. ஒரு கமா பிசகவில்லை. இரண்டு முறை படித்தேன். ‘பிழை இல்லை’ என்று குறித்தேன்.

“இப்பதான் மச்சான் வேலை கத்துக்கிட்டீங்க” என்று முதுகில் தட்டினான்.

தீ, தேநீர் போடும் மூலையில் பிடித்தது. நான் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். கைபேசியில் கூப்பிட்டான்.

“மச்சான், ஹால் கதவு திறக்க மாட்டேங்குது.” இருமினான்.

“எரர் ஏதாவது காட்டுதா?”

“இல்ல. பச்சை விளக்குதான் எரியுது.”

“அப்ப ஃபைல் சரியாத்தான் இருக்கு” என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

அவனோடு சேர்த்து ஏழு பேர். மனைவி என்னோடு பேசுவதில்லை. துக்கம் ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் நிபுணரும் அந்தக் கோப்பை நுணுக்கி நுணுக்கிப் பார்த்தாராமே. எழுத்தில் பிழை ஒன்றும் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். சந்தோஷமாக இருந்தது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், அந்த வரி எனக்குப் புரிந்தது. படித்தவனுக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் அர்த்தத்தை நான் மனத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. குறித்து அனுப்பினேன், அங்கேயே மறந்தும்விட்டேன்.

படிக்கட்டை ஒட்டிய என் அறைக் கதவு மூடிக்கொள்ளாதபடி, குறித்து அனுப்பிய மறுநாளிலிருந்து ஒரு செங்கல்லை வைத்திருந்தேன் என்பதும் உண்மைதான்.

அது காற்றுக்காக, ஐயா.