அபிகெயிலுக்கு நான் கொடுத்த பயிற்சி

நீங்கள் கொடுத்த தே-ஓ, பால் விடாத தேநீர்தான், அதில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துவிட்டேன். இன்று நீங்கள் கூப்பிடாமல் நானாகத்தான் வந்திருக்கிறேன். விபத்து நடந்த வாரம் இதே அறையில் உங்கள் விசாரணைக் குழுவிடம் நான் சொன்னதில் ஒன்று பொய்.

காஹாங் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஓடுபாதையில் பத்தொன்பது வருடமாக விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கமலநாதன் மாணவன் என்றால் மற்ற பயிற்சிப் பள்ளிகளில் மரியாதை உண்டு. என்னிடம் படித்தவர்களில் விழுந்தது அபிகெயில் ஒருத்திதான்.

அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காது. இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? வயது இருபத்திரண்டு. அப்பா கேப்ரியல் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவர். இவளோ வாயைத் திறந்தால் ‘ஏன் சார்’ என்பாள். ஒருநாள் நான் எண்ணெய் டாங்க் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டுவிட்டேன். எங்கள் பள்ளி முதலாளியை வைத்துக்கொண்டே சொன்னாள்: “சார், மூடி லூசா இருக்கு. நீங்க செக் பண்ணலையா?”

முதலாளி சிரித்தார். மற்ற மாணவர்களும் சிரித்தார்கள். எனக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நான் அவளைத் தொட்டதில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. திருத்தினேன், அவ்வளவுதான். அவளாக விமானத்தைத் திருப்பினால், “யார கேட்டு திருப்புன?” என்று கேட்டு இறக்கிவிடுவேன். அன்றைக்கு அவளுக்குப் பறப்பு கிடையாது. அவள் சரியாகத் திருப்பியிருந்தாலும் அதே கேள்விதான், அதே தண்டனைதான். மூன்று மாதத்தில் ‘ஏன் சார்’ நின்றது. ‘திருப்பவா சார்’, ‘இறக்கவா சார்’ என்று எதற்கும் என்னைக் கேட்கத் தொடங்கினாள்.

அன்று காலை தனியாகப் பறந்தாள். எங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது, பேசுவதும் எங்கேயும் பதிவாகாது. நான் ஓடுபாதை ஓரமாகக் கையில் ரேடியோவுடன் நின்றிருந்தேன். நானூறு அடி ஏறியதும் இன்ஜின் இருமி நின்றது. அது என் வேலையில்லை. வால்வு சிக்கிக்கொண்டதை உங்கள் ஆட்களே பார்த்துவிட்டார்கள்.

இதற்கு விதி ஒன்றுதான், எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிக்கொடுப்போம். மூக்கைத் தாழ்த்து, நேரே இறங்கு, ஓடுபாதைக்குத் திரும்பாதே. அந்த உயரத்தில் திரும்பினால் வேகம் போய்விடும், ஒரு பக்கம் சரிந்துவிடும், மீட்பதற்கு உயரம் இருக்காது. அவளுக்கு நேரே மறுநடவு செய்த நிலம், கன்றுகள் முழங்கால் உயரம். விமானம் உடைந்திருக்கும். அவள் நடந்து வந்திருப்பாள்.

மூக்கைத் தாழ்த்தினாள். நன்றாகவே செய்தாள். பிறகு ரேடியோவில் கேட்டாள்.

“சார், இன்ஜின் நின்னுருச்சு. நேரா எறக்கவா?”

“வேணாம். திரும்பி வா.”

“திரும்பவா சார்?”

“சொன்னத செய்.”

பதற்றத்தில் வாய் தவறியதாக நினைக்காதீர்கள். எனக்கு இரண்டு விநாடி இருந்தது, யோசித்துத்தான் சொன்னேன்.

உங்களிடம் அன்று மாற்றிச் சொன்னேன். நேரே போகச் சொன்னேன், அவள் கேட்கவில்லை என்றேன். அடக்கத்தன்று கேப்ரியல் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். “எம்பொண்ணு உங்க பேச்ச கேட்டிருந்தா உயிரோட இருந்திருப்பா சார். அவளுக்காக நான் மன்னிப்பு கேக்குறேன்.” விடுங்கள் என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் நேற்று உங்கள் வரைவு அறிக்கை வந்தது. ‘மாணவி பயிற்றுநரின் சொல்லை மீறினார். அவருக்கு அளிக்கப்பட்ட பயிற்சி போதவில்லை.’ என் பயிற்சியா போதவில்லை?

அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேரே இறங்கினால் பிழைப்போம் என்று அபிகெயிலுக்குத் தெரியும். திரும்பினால் செத்துப்போவோம் என்றும் தெரியும். நான் திரும்பச் சொன்னேன், திரும்பினாள். ஒரு மாணவியை இதைவிட நன்றாக யார் பழக்கியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.